மரமட்டையின் ஏக்கமும் மைதானத்தின் நீளமும்

கோல்ஃப் ஆடுவோரில் ஒரு சாரார் பழைய கருவிகளை விட்டுப் பிரிய மறுக்கின்றனர். ஹிக்கரி மரத்தண்டு பொருத்திய மட்டைகளைக் கொண்டு மட்டுமே ஆட வேண்டிய உலக ஹிக்கரி ஓப்பன் என்னும் போட்டி 2005 முதல் ஸ்காட்லாந்தில் நடந்து வருகிறது. பெர்சிமன் மரத்தில் கடைந்த மட்டைத் தலைகளைத் தேடி வாங்கி, பழைய வார்னிஷைச் சுரண்டி எடுத்து, புதிதாக மெருகேற்றி, கழுத்துப் பகுதியில் கறுப்பு நூலை நெருக்கமாகச் சுற்றிப் பாதுகாப்போர் பல நாடுகளில் உள்ளனர். மரத்தில் பந்து படும் மெல்லிய ஒலியையும், இன்றைய உலோகத் தலையின் கணீரென்ற ஓசையையும் அவர்கள் ஒப்பிட்டுப் பேசுவர். பலாட்டா உறையிட்ட பந்து தவறான அடியில் கிழிந்து, உதடு பிரிந்ததுபோல் காட்டும் வெட்டுக்குச் ‘சிரிப்பு’ என்றே பெயரிட்டிருந்தனர். அந்தச் சிரிப்பும் இன்று ஏக்கத்துக்குரிய பொருளாகிவிட்டது.

இந்த ஏக்கத்தைச் சமூக அறிவியல் பயில்வோர் எளிதாகத் தள்ளிவிடக்கூடும். கோல்ஃப் வசதி படைத்தோரின் ஆட்டம். இந்தியாவில் அது காலனி ஆட்சியோடு வந்தது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழமையானதாகக் கருதப்படும் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் தொடங்கப்பட்ட ஆண்டு 1829. சங்க உறுப்பினரின் நினைவில் மரமட்டை ஓர் அழகுப் பொருள். அந்தப் பையைச் சுமந்த கேடியின் நினைவில் அது தோளை அழுத்திய எடை. 1991இல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்ற அலி ஷேர், டெல்லியில் கேடி ஒருவரின் மகனாகப் பிறந்து, தாமும் கேடியாக இருந்தவர். அவருடைய வழியில் வந்தோரிடம் பழங்கருவியின் பெருமையைப் பேசினால், அதை அவர்கள் வேறு விதமாகவே கேட்பர்.

ஆயினும் ஏக்கத்தை வர்க்கத்தின் அடையாளமாக மட்டும் கண்டு அப்பால் செல்வது முழுமையான வாசிப்பாகாது. பழைய மட்டையையும் பந்தையும் விரும்புவோர், தாம் உணராமலே, மிக முக்கியமான ஒரு வினாவைத் தொட்டிருக்கின்றனர். ஒரு கருவியின் ஆற்றல் எந்த அளவோடு நிற்க வேண்டும், அந்த எல்லையை யார் வகுப்பது என்பதே அவ்வினா. அதற்கு விடை காண, ஏக்கம் தன் நினைவைச் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில், ‘பழையது’ என்பது எது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஸ்காட்லாந்தில் ஆடப்பட்டது இறகுப் பந்து. வேகவைத்த வாத்து இறகுகளைத் தோலுறைக்குள் திணித்துத் தைத்துவிடுவர். உலரும்போது இறகு விரியும், தோல் சுருங்கும். பந்து கல்லைப் போல் இறுகும். தேர்ந்த கைவினைஞர் ஒருவரால் நாளொன்றுக்கு மூன்று நான்கு பந்துகளே செய்ய இயன்றது. அதனால் விலை மிகுதி. மழையில் நனைந்தாலோ பயனில்லை. 1848ஆம் ஆண்டளவில் கட்டாபெர்ச்சா என்னும் மரப்பாலைச் சூடாக்கி உருட்டிய பந்து அறிமுகமானது. அதன் விலை இறகுப் பந்தின் விலையில் சிறு பங்கே. செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரின் புகழ்பெற்ற ஆட்டக்காரரும் இறகுப் பந்துத் தயாரிப்பாளருமான ஆலன் ராபர்ட்சன் இப்புதுமையைக் கடுமையாக எதிர்த்தார். அவரிடம் பணிபுரிந்த டாம் மாரிஸ் புதிய பந்தால் ஆடியது இருவருக்கும் இடையே பூசலை உண்டாக்கி, மாரிஸ் விலகிச் செல்லக் காரணமாயிற்று. பின்னர் ராபர்ட்சனும் அதே பந்துக்கு மாறினார்.

கட்டாபெர்ச்சாவின் ஆட்சியும் நீடிக்கவில்லை. 1898இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் கோபர்ன் ஹாஸ்கெல், ரப்பர் இழையை இறுக்கிச் சுற்றிய உள்ளீடு கொண்ட பந்தை உருவாக்கினார். 1902இல் சாண்டி ஹெர்டு அந்தப் பந்தால் ஆடி பிரிட்டிஷ் ஓப்பனை வென்றதும் பழைய பந்தின் கதை முடிந்தது. இன்று ஏக்கத்தோடு நினைக்கப்படும் பலாட்டா பந்து இந்த ஹாஸ்கெல் பந்தின் வழித்தோன்றலே. ஒரு தலைமுறையின் அத்துமீறல் அடுத்த தலைமுறையின் மரபாகிவிடுகிறது. ஏக்கம் தனக்குப் பழக்கமான ஓர் அடுக்கைப் பற்றிக்கொண்டு அதையே தொடக்கம் என்று எண்ணுகிறது.

இரண்டாவதாக, அந்தப் பொருள்கள் எங்கிருந்து வந்தன என்பதை ஏக்கம் மறந்துவிடுகிறது. முதல் கட்டாபெர்ச்சா பந்தைப் பற்றி ஒரு கதை நெடுநாளாக வழங்குகிறது. கிழக்கிலிருந்து செயிண்ட் ஆண்ட்ரூஸுக்கு அனுப்பப்பட்ட விஷ்ணு சிலை ஒன்று உடையாமலிருக்க அதைச் சுற்றிக் கட்டாபெர்ச்சாவைப் பொதிந்திருந்தார்களாம். அந்தப் பொதிபொருளை உருக்கி உருட்டி ராபர்ட் பேட்டர்சன் என்னும் இளைஞர் முதல் பந்தைச் செய்தாராம். கதையின் உண்மையை வரலாற்றாய்வாளர்கள் ஐயுறுகின்றனர். ஆனால் அந்த ஆட்டத்தின் மூலப்பொருள் பேரரசின் கப்பல் வழியே வந்தது என்பதைக் கதை மறைக்கவில்லை.

கட்டாபெர்ச்சா மலாய்த் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ ஆகிய பகுதிகளின் காட்டு மரத்திலிருந்து கிடைப்பது. இலுப்பையும் மகிழமும் எந்தத் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவையோ அதே குடும்பம். ரப்பர் மரத்தைப் போல் கீறிப் பால் வடிப்பது அங்கே வழக்கமாக இருக்கவில்லை. மரத்தை வெட்டிச் சாய்த்து, பட்டையில் வளையம் வளையமாக அறுத்துப் பாலைச் சேகரித்தனர். வெட்டுண்ட மரங்களில் பெரும்பங்கு கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகச் சென்றது. கோல்ஃப் பந்துக்குப் போனது சிறு பங்கே. எனினும் ஸ்காட்லாந்தின் உழைப்பாளிக்கும் கைக்கெட்டும் விலையில் பந்து கிடைத்ததற்கும், மலாய்க் காட்டில் மரம் சாய்ந்ததற்கும் தொடர்பு இருந்தது.

பலாட்டா, கயானா முதலிய தென்னமெரிக்கக் காடுகளில் வளரும் மரத்தின் பால். நம் பாலை மரத்துக்கும் சப்போட்டாவுக்கும் மிக நெருங்கிய உறவு அது. கால்களில் முள்ளாணி கட்டி மரமேறி, வெட்டுக்கத்தியால் பட்டையைக் கீறிய தொழிலாளர்கள் மாதக்கணக்கில் காட்டிலேயே தங்கி அதைச் சேகரித்தனர். மட்டைத் தலைக்கு உகந்த பெர்சிமன், கருங்காலியும் பீடி இலை மரமும் அடங்கிய இனத்தின் அமெரிக்க உறுப்பினர். ஹிக்கரியும் அமெரிக்கக் காட்டு மரமே. ஸ்காட்லாந்தின் மரபு என்று போற்றப்படும் மட்டையில் ஸ்காட்லாந்தின் மரம் மிகக் குறைவு. கைவினைஞரின் பெயர் மட்டையின் முகப்பில் பொறிக்கப்பட்டிருக்கும். மரம் வெட்டியவரின் பெயரோ எங்கும் இல்லை.

ஏக்கம் குறித்து விரிவாக எழுதிய ஸ்வெத்லானா பாய்ம், தம் 2001ஆம் ஆண்டு நூலில் அதனை இரு வகையாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று, இழந்ததை அப்படியே மீட்டுக் கட்ட முயல்வது. மற்றொன்று, மீட்க இயலாது என்று அறிந்து, இழப்பைச் சிந்தனைக்கான இடமாக்கிக்கொள்வது. மரமட்டையின் மீதான ஏக்கம் முதல் வகையில் நின்றுவிட்டால் அது சேகரிப்பாளரின் அலமாரியோடு முடிந்துவிடும். இரண்டாம் வகையில் செல்லுமாயின் அதற்குச் சொல்ல வேண்டிய செய்தி உண்டு.

அச்செய்தி அளவு பற்றியது. மரத்தலை சிறியது, பந்து சரியாகப் பட வேண்டிய மையம் அதனினும் சிறியது. மையம் தவறினால் தொலைவும் திசையும் ஒருங்கே கெடும். பலாட்டா பந்து மிகுதியாகச் சுழல்வதால், வலிந்து அடிப்பவரின் பிழையை அது பெருக்கிக் காட்டும். ஆகவே வலிமை மிக்க ஆட்டக்காரரும் தம் முழு ஆற்றலையும் எப்போதும் செலுத்தத் துணியவில்லை. கருவியே ஆட்டக்காரருக்கு அடக்கத்தைக் கற்பித்தது. எவ்வளவு நிலம் போதும் என்பதும் அந்த அடக்கத்தைப் பொறுத்தே அமைந்திருந்தது.

1979இல் கேரி ஆடம்ஸ் நிறுவிய டெய்லர்மேட் நிறுவனம் உலோகத் தலையுள்ள டிரைவர் மட்டையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1991இல் கேலவே நிறுவனத்தின் ‘பிக் பெர்த்தா’ வந்தபின் தலை பெருக்கத் தொடங்கியது. முடிவில் விதி 460 கன சென்டிமீட்டரில் எல்லை வகுக்க நேர்ந்தது. 1993இல் பெர்ன்ஹார்டு லாங்கர் பெர்சிமன் டிரைவரோடு மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். அது மரத்தின் கடைசி வெற்றிகளுள் ஒன்று. 2000ஆம் ஆண்டின் இறுதியில் டைட்லிஸ்ட் நிறுவனத்தின் ‘புரோ வி1’ பந்து தொழில்முறைப் போட்டிகளுக்கு வந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இழை சுற்றிய பந்து அங்கிருந்து மறைந்துபோனது. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் சராசரி டிரைவ் 1980இல் சுமார் 257 கஜம். 2023இல் சுமார் 300 கஜம்.

பந்து நீண்ட தொலைவு சென்றதால் மைதானமும் நீள வேண்டியதாயிற்று. 1990களின் பிற்பகுதியில் 6,925 கஜமாக இருந்த அகஸ்டா மைதானம் இன்று 7,500 கஜத்தைக் கடந்துவிட்டது. செயிண்ட் ஆண்ட்ரூஸின் பழைய மைதானம் 2022 ஓப்பன் போட்டிக்கு 7,313 கஜமாக நீட்டப்பட்டிருந்தது. கூடுகின்ற ஒவ்வொரு கஜத்துக்கும் புல் வளர்க்க வேண்டும். புல்லுக்கு நீர் வேண்டும், உரம் வேண்டும், அதைப் பேண ஆள் வேண்டும். செல்வம் மிக்க சங்கம் அண்டை நிலத்தை வாங்கிச் சேர்த்துக்கொள்ளும். நகரத்தின் நடுவே அடைபட்ட மைதானத்துக்கு அந்த வழி இல்லை. டெல்லி கோல்ஃப் கிளப்பின் எல்லைக்குள் லால் பங்களா போன்ற முகலாயர் காலக் கல்லறைக் கட்டடங்கள் நிற்கின்றன. சுற்றிலும் தலைநகரம் நெருக்குகிறது. அத்தகைய இடத்தில் பந்தின் ஆற்றல் பெருகப் பெருக, மைதானமே ஆட்டத்துக்குப் பொருந்தாத பழம்பொருளாகத் தோன்றத் தொடங்கும்.

இது தொழில்நுட்பத்தின் இயல்பான போக்கு, தடுக்க இயலாதது என்று கூறுவோர் உண்டு. அவர்களுக்கு விடை கிரிக்கெட்டில் இருக்கிறது. கோல்ஃபில் உலோகத் தலை அறிமுகமான அதே 1979இன் டிசம்பரில், பெர்த் நகரில் நடந்த டெஸ்டில் ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி அலுமினிய மட்டையோடு களமிறங்கினார். இங்கிலாந்து அணித்தலைவர் மைக் பிரேர்லி நடுவர்களிடம் முறையிட்டார், ஆட்டம் தடைபட்டது, லில்லி சினங்கொண்டு மட்டையை வீசி எறிந்தார். அதன் பின்னர் மட்டையின் அலகு மரத்தாலானதாக இருக்க வேண்டும் என்று கிரிக்கெட் விதி தெளிவாக்கப்பட்டது. உலோகத்துக்கு முன் இரண்டு ஆட்டங்கள் ஒரே காலத்தில் நின்றன. ஒன்று வாயிலைத் திறந்தது, மற்றொன்று மூடியது. இரண்டும் மனிதர் எடுத்த முடிவுகள்.

மரத்தைக் காத்ததால் கிரிக்கெட் நீதியுள்ள ஆட்டமாகிவிட்டது என்று இதற்குப் பொருளல்ல. தரமான இங்கிலீஷ் வில்லோ மட்டையின் விலை இன்று எளிய வீட்டுப் பிள்ளைக்கு எட்டாதது. மரமட்டையும் முன்பைவிடக் கனத்த விளிம்புகளோடு வளர்ந்து, அதற்கும் அளவு விதிக்க நேர்ந்தது. ஆகவே மரம் என்ற பொருளில் தனித்த நன்மை ஏதும் இல்லை. எல்லை வகுக்க முடியும் என்ற உறுதியே அங்கே காக்கப்பட்டது.

கோல்ஃபின் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ, அமெரிக்க கோல்ஃப் சங்கம் ஆகிய இரண்டும் 2023 டிசம்பரில் காலம் கடந்தேனும் ஒரு முடிவை அறிவித்தன. பந்தின் தொலைவைச் சோதிக்கும் அளவுகோலை இறுக்குவது. உயர்நிலைப் போட்டிகளுக்கு 2028 முதலும் மற்றவர்களுக்கு 2030 முதலும் அதை நடைமுறைப்படுத்துவது என்பதே அந்த அறிவிப்பு. மிக நீளமாக அடிப்போர் 13 முதல் 15 கஜம் வரை இழப்பர் என்றும், பொழுதுபோக்காக ஆடுவோருக்கு இழப்பு ஐந்து கஜத்துக்குள் அடங்கும் என்றும் அவை கணித்தன. தயாரிப்பாளர்களும் தொழில்முறை அமைப்புகளும் எதிர்ப்புத் தெரிவித்தனர். மக்கள் நீண்ட அடியைக் காணவே வருகின்றனர் என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் அந்த நீண்ட அடிக்குரிய நிலத்தையும் நீரையும் கொடுப்பவர்கள் பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருப்போர் மட்டுமல்லர்.

இந்த விவாதத்தில்தான் மரமட்டையை விரும்புவோரின் சான்று தேவைப்படுகிறது. குறைந்த தொலைவிலும் ஆட்டம் சுவை குன்றாது என்பதை ஏட்டறிவாக அன்றிக் கையறிவாக அறிந்தவர்கள் அவர்கள். ஆறாயிரம் கஜ மைதானத்தில் ஹிக்கரித் தண்டோடு ஆடும் ஒருவர், பழைய மைதானங்கள் ஏன் அந்த நீளத்தில் அமைந்தன என்பதை உடலால் உணர்கிறார். ஒலியையும் வார்னிஷையும் பற்றி மட்டும் பேசுவதைக் குறைத்து, இந்த அறிவை அவர்கள் பொதுவில் வைக்க வேண்டும். மலாய்க் காட்டையும் கயானாவின் தொழிலாளியையும் டெல்லியின் கேடியையும் அந்த நினைவில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்போது அவர்கள் கேட்பது பழைய பந்தைத் திருப்பித் தாருங்கள் என்பதாக இராது. ஒரு விளையாட்டுக்கு எவ்வளவு நிலம், எவ்வளவு நீர் போதும் என்பதை விதிப்புத்தகத்திலேயே எழுதிவையுங்கள் என்பதாக இருக்கும்.