உப்பின் அருமை

அப்பாவை உப்பைப் போல் நேசிப்பதாகச் சொன்ன கடைசி மகளை அரசன் துரத்திவிட்டான். நாட்டில் உப்பே இல்லாமற் போனபோதுதான் அவனுக்குப் புத்தி வந்தது. இது ஸ்லோவாக் நாட்டுப்புறக் கதை.

செக் நாட்டில் ஜெர்மன் மொழி கோலோச்சிய காலத்தில், ஜெர்மன் பேசும் தந்தைக்கு வியன்னாவில் பிறந்தவர் பொஷெனா நெம்ட்சோவா. அவரே 1845 முதல் நாட்டுப்புறக் கதைகளைச் செக் மொழியில் எழுதி வெளியிட்டார். 1857-58ல் ஸ்லோவாக் கதைகளையும் தொகுத்துத் தந்தார். இன்று செக் நாட்டின் 500 கொருனா நோட்டில் அவர் படம் இருக்கிறது.

போன வாரம் பேத்திக்கு நான் இந்தியில் கதை சொன்னேன். சுலபமாக இருந்தது, அதுதான் உறுத்துகிறது. வெளியில் எம்மொழியும் பேசட்டும். படுக்கும்முன் ஒரு கதையாவது தமிழில் சொல்வோம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே அல்லவா?