சாமி பேரையே பாதியில வெட்டுறோம்!

மக்களே, இன்னைக்குக் கொஞ்சம் திட்டு. காசு குடுத்து டொமைன் வாங்கி, ஹோஸ்டிங் எடுத்து, வேர்ட்பிரஸ் போட்டுத் தமிழ்ல எழுதுறவங்களுக்குத்தான். ராத்திரி முழுக்க உட்கார்ந்து தீம் மாத்துறீங்க. மேல ஸ்லைடர், ஓரத்துல விசிட்டர் கவுன்ட்டர்! ஆனா உங்க பதிவோட முகவரியை என்னைக்காவது முழுசாப் படிச்சிருக்கீங்களா?

உதாரணத்துக்கு, "மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயில்"னு நம்ம ஊர்க் கோயிலைப் பத்தி ஒரு தலைப்பு வைங்க. வேர்ட்பிரஸ் தலைப்பையே முகவரியாக்கிடும். யூனிகோட்ல 'மா'ங்கிறது ஒண்ணு இல்ல, ரெண்டு குறியீடு: 'ம' ஒண்ணு, கால் ஒண்ணு. புள்ளியும் தனிக் கணக்கு. ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட், ஒவ்வொரு பைட்டுக்கும் முகவரியில சதவீதக் குறியோட 3 இடம். ஆக ஒரு குறியீட்டுக்கு 9 இடம். "மாடம்பாக்கம்" மட்டுமே 108 இடத்தை முழுங்கும். வேர்ட்பிரஸ் குடுக்கிறதே மொத்தம் 200தான். அதனால "தேனுபுரீஸ்"னு வந்ததும் கத்தரி விழுந்துடும். சாமி பேர் பாதி, கோயிலைக் காணோம் :)

முகவரியைச் சுருக்குன்னா உடனே "தமிழ்ப்பற்று இல்லையா?"ன்னு சண்டைக்கு வராதீங்க. "மாடம்பாக்கம்-கோயில்"னு வைங்க, 163 இடத்துல அடங்கிடும். பாதி வார்த்தையில என்ன தமிழ்ப்பற்று? பழைய பதிவையும் திருத்தலாம், பழைய முகவரிக்கு வர்றவங்களை வேர்ட்பிரஸே புதுசுக்கு அனுப்பி வைக்கும்.

அடுத்தது, தளத்தோட மொழி. செட்டிங்ஸ்ல அது ஆங்கிலமாவே கிடந்தா, பக்கம் தன்னை ஆங்கிலம்னுதான் சொல்லிக்கும். பார்வை இல்லாதவங்க திரைவாசிப்பான்ல கேட்கும்போது அது இங்கிலீஷ் குரல்ல தமிழைக் கடிச்சுத் துப்பலாம். தமிழ்னு மாத்துங்க. டாஷ்போர்டு இங்கிலீஷ்லயே வேணும்னா உங்க ப்ரொஃபைல்ல தனியா வெச்சுக்கலாம். ஒரு நிமிஷ வேலை. இதைச் செய்யாம "எல்லாருக்கும் தமிழ்"னு பேனர் போடுறது வெட்டி.

மூணாவது, ஜஸ்டிஃபை. தமிழ் வார்த்தைகள் நீளம். போன் திரையில ஒரு வரிக்கு மூணு வார்த்தைதான் நிக்கும். ரெண்டு ஓரத்தையும் இழுத்துக் கட்டினா, நடுவுல மாடம்பாக்கம் ஏரி மாதிரி இடைவெளி. இடப்பக்கம் மட்டும் ஒட்டி விடுங்க, போதும்.

கடைசியா, பேக்கப். 2009 அக்டோபர்ல யாஹூ ஜியோசிட்டீஸை மூடினப்போ, அடுத்தவன் இடத்துல எழுதினா இதான் கதின்னு பேசினோம். சொந்த இடம் மட்டும் என்ன வாழுது? ஹோஸ்டிங் பணம் கட்ட ஒரு வருஷம் மறந்தா அதுவும் காலி. மாசம் ஒரு தடவை 'எக்ஸ்போர்ட்' அழுத்துங்க. அதுல எழுத்துதான் வரும், படங்கள் வராது. 'அப்லோட்ஸ்' போல்டரைத் தனியா எடுத்து வைங்க.

இந்த நாலுக்கும் பிளகின் வேண்டாம், காசு வேண்டாம். அரை நாள் போதும். தீம் அடுத்த வருஷம் பழசாயிடும். எழுதினதைத் தேடி ஒருத்தர் பத்து வருஷம் கழிச்சு வந்தா, அது அங்க இருக்கணும். அதுக்கு வழி பண்ணாம ஸ்லைடரை மாத்திக்கிட்டிருந்தா, உங்களுக்கு எழுத்து மேல அக்கறை இல்ல, அலங்காரத்து மேலதான்னு சொல்லுவேன். கோபம் வந்தா வரட்டும். வந்த கோபத்தோட போய் முதல்ல அந்த முகவரியைத் திருத்துங்க.