சொஸைட்டி யாருடையது?

நாஞ்சில் நாட்டில் இராஜாக்கமங்கலம் பக்கத்துத் தோழர்கள் சிலர் நம்மை ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். தென்னையும், கயிறும், நெல்லும், கடலுமாகப் பிழைக்கிற அந்தப் பக்கத்தில், உரத்துக்கும் நகைக் கடனுக்கும் சொஸைட்டியை நம்பியிருப்பவர்கள் அநேகர். “நாங்கள் பங்குப் பணம் கட்டுகிறோம், ஓட்டுப் போட்டு எங்களில் சிலரை நிர்வாகத்துக்கு அனுப்புகிறோம். ஒருநாள் காலையில் சர்க்கார் ஒரு காகிதத்தை ஒட்டி அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒரு ஸ்பெஷல் ஆபீசரைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட முடியுமா? முடியுமானால் நாங்கள் ஓட்டுப் போட்டது எதற்காக?” என்பதுதான் அந்தக் கேள்வி.

கேள்வி நியாயமானது. பதில் என்னவென்றால், சர்க்காருக்கு அந்த அதிகாரம் உண்டு, ஆனால் இஷ்டம்போல் இல்லை என்பதேயாகும். இந்த “இஷ்டம்போல் இல்லை” என்கிற பாகத்தைத்தான் அதிகாரிகளும் சொல்லுவதில்லை, மெம்பர்களும் கேட்பதில்லை.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் அமலில் இருப்பது 1983-ம் வருஷத்து 30-வது நம்பர் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம். 1988 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதில் 88-வது பிரிவுதான் நிர்வாகக் குழுவைக் கலைப்பதைப்பற்றிச் சொல்லுவது. குழு சரிவர வேலை செய்யவில்லை என்றாவது, ரிஜிஸ்திராரின் சட்டப்படியான உத்திரவை வேண்டுமென்றே மீறிற்று என்றாவது இருக்கவேண்டும். அப்படி இருந்தாலும், குழுவினர் தங்கள் சமாதானத்தைச் சொல்லச் சந்தர்ப்பம் கொடுக்கவேண்டும். பிறகே எழுத்து மூலமாக உத்திரவு போடவேண்டும். ஆகவே காரணம் வேண்டும், நோட்டீஸ் வேண்டும், பதிலைக் கேட்கவேண்டும், எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். இவைகளில் ஒன்று குறைந்தாலும் அந்த உத்திரவு நொண்டிதான். அதன்மேல் அப்பீலுக்கு 152-வது பிரிவும், ரிவிஷனுக்கு 153-வது பிரிவும் இருக்கின்றன. ரிஜிஸ்திரார் சர்க்கார் அதிகாரியானபடியால், அவர் உத்திரவின்மேல் ஹைக்கோர்ட்டுக்கும் ரிட் மனு போடலாம்.

இவ்வளவும் இருக்கும்போது ஆபத்து எங்கே என்று கேட்கலாம். சொல்லுகிறோம்.

ஒரு சொஸைட்டியைக் கலைக்க வேண்டுமானால்தான் மேலே சொன்ன காரணமும், நோட்டீசும், விசாரணையும். நாடு முழுவதிலும் உள்ள எல்லா சொஸைட்டிகளையும் ஒரேயடியாகக் கலைக்க வேண்டுமானால் அந்தத் தொல்லை ஒன்றும் இல்லை! சட்டசபையில் ஒரு சட்டம் செய்துகொண்டால் போதும். ஒரு ஆட்டைத் திருடினவன் திருடன், மந்தையையே ஓட்டிக்கொண்டு போனவன் மேய்ப்பன் என்பதுபோல் இருக்கிறது இந்த நியாயம். 1976-ல் இந்த மாகாணம் ஜனாதிபதி ஆட்சியில் இருந்தபோதே ஸ்பெஷல் ஆபீசர்களை நியமிப்பதற்கென்று ஒரு சட்டம் வந்தது. 2001-ல் மந்திரிசபை மாறியவுடன், 1996-ல் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த குழுக்களை அனுப்பிவிட்டு, அதே பெயரில் இன்னொரு சட்டம் வந்தது. அதன்படி வந்து உட்கார்ந்த ஸ்பெஷல் ஆபீசர்களின் காலத்தை நீட்டினார்கள், திரும்பவும் நீட்டினார்கள். இடையில் மந்திரிசபை மாறியும் நீட்டுவது மாறவில்லை. 2007-ல் ஆரம்பித்த தேர்தலும் அடிதடியில் பாதியில் நின்று ரத்தாயிற்று. கடைசியில் 2013-ல்தான் தேர்தல் முடிந்து குழுக்கள் வந்தன. கணக்குப் பார்த்தால் 12 வருஷம்! இராமன் காட்டுக்குப் போனதுகூடப் பதினாலு வருஷத்தோடு தீர்ந்தது என்பார்கள். நம் ஜனங்களுக்கு அதை அழுதுகொண்டு கேட்கத் தெரிகிறதே தவிர, தங்கள் சொஸைட்டிக்கு ஏற்பட்ட வனவாசத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லை.

இதில் எந்தக் கட்சியை வைவது? வருகிறவர்கள் எல்லோருமே, தாங்கள் எதிர்க்கட்சியாக இருக்கும்போது கூட்டுறவுச் சுதந்திரம் என்று பேசுகிறார்கள். நாற்காலிக்கு வந்தவுடன் “முன்னவர்கள் ஊழல் செய்துவிட்டார்கள்” என்கிறார்கள். 2022 ஜனவரியில் குழுக்களின் காலத்தை 5 வருஷத்திலிருந்து 3 வருஷமாகக் குறைக்கச் சட்டசபையில் ஒரு மசோதா நிறைவேறிற்று. அதற்கும் சொல்லப்பட்ட காரணம் நகைக் கடன் முதலியவைகளில் நடந்த முறைகேடுகள்தான்.

சொஸைட்டி டைரக்டர்கள் எல்லோரும் யோக்கியர்கள் என்று நாம் வக்காலத்து வாங்க வரவில்லை. கவரிங்கை அடகு பிடித்து பவுனென்று எழுதுகிறவர்களும், இல்லாத வயலுக்குப் பயிர்க்கடன் கொடுக்கிறவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். ஆனால் அவர்களைப் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லையா? 81-வது பிரிவில் விசாரணை செய்யலாம். 82-வது பிரிவில் கணக்கைச் சோதிக்கலாம். 87-வது பிரிவில் நஷ்டத்தை எடுத்தவன் தலையிலேயே கட்டி வசூல் செய்யலாம். குற்றமென்றால் போலீசும் இருக்கிறது. எடுத்தவனிடம் வசூல் செய்ய சர்க்காருக்கு நேரமில்லையாம். எடுக்காதவனையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்ப நேரம் இருக்கிறதாம். தவிரவும், ஸ்பெஷல் ஆபீசர் காலத்தில் கணக்கெல்லாம் கண்ணாடியாக இருந்தது என்று யாராவது சொல்ல முடியுமா? டைரக்டர் தப்புச் செய்தால் அடுத்த ஓட்டில் மெம்பர் அவரை இறக்கலாம். ஆபீசர் தப்புச் செய்தால் மெம்பர் யாரை இறக்குவது?

நிற்க. இதற்கு ஒரு கட்டுத்திட்டம் செய்ய வேண்டுமென்றுதான் அரசியல் சட்டத்தில் 97-வது திருத்தம் கொண்டுவந்து 2012 பிப்ரவரி 15 முதல் அமல் நடத்தினார்கள். கலைத்தாலும் 6 மாதத்துக்கு மேல் ஆபீசர் உட்காரக் கூடாது, பாங்கி வேலை செய்யும் சங்கமானால் ஒரு வருஷம், அதற்குள் தேர்தல் நடத்தி நிர்வாகத்தை ஒப்படைத்துவிட வேண்டும் என்று அதில் விதித்தார்கள். சர்க்காருடைய பங்கோ, கடனோ, உதவியோ, ஜாமீனோ இல்லாத சங்கத்தைக் கலைக்கவே கூடாது என்றும் எழுதினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் செய்த விதம் என்ன? கூட்டுறவு மாகாணங்களின் அதிகாரத்தில் இருக்கும் விஷயம். ஆகையால் பாதி மாகாணங்களின் சட்டசபைகளாவது சம்மதிக்க வேண்டும். அதைக் கேட்காமலே செய்துவிட்டார்கள். குஜராத் ஹைக்கோர்ட்டு 2013-ல் இதைச் செல்லாது என்றது. 2021 ஜூலை 20-ல் சுப்ரீம் கோர்ட்டும், பல மாகாணங்களில் பரவிய சங்கங்களுக்கு மட்டும் அந்தப் பாகம் நிற்கும், மற்றவைகளுக்கு நிற்காது என்று பெரும்பான்மைத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மெம்பர்களின் உரிமையைக் காக்கப் போனவர்கள் மாகாணத்தின் உரிமையை மிதித்துக்கொண்டு போனதால் இரண்டும் கெட்டது. ஆனாலும் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொள்ளும் உரிமையை 19-வது ஷரத்தில் சேர்த்தது அந்த வழக்கில் தொடப்படவில்லை. மாகாணச் சட்டத்திலுள்ள கட்டுப்பாடுகளும் அப்படியே இருக்கின்றன.

அந்தக் கட்டுப்பாடுகளை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு, மத்தியப் பிரதேசத்தில் பன்னா ஜில்லாக் கூட்டுறவு மத்திய பாங்கியின் கதையை நம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2011 செப்டம்பரில் ஸாகரிலிருந்த ஜாயிண்ட் ரிஜிஸ்திரார் அந்தப் பாங்கியின் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவைக் கலைத்தார். பாங்கியானால் ரிசர்வ் பாங்கியைக் கலந்துகொண்ட பிறகே கலைக்க வேண்டுமென்று அம்மாகாணச் சட்டம் சொல்லுகிறது. அவர் அதை முறைப்படி செய்யவில்லை. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரையில் போயிற்று. 2013 மே மாதம் தீர்ப்பு வந்தது. கலைத்தது செல்லாது; குழுவைத் திரும்ப உட்காரவை; வெளியே நிறுத்தியிருந்த காலத்தையும் சேர்த்து அவர்கள் அனுபவிக்கட்டும் என்றார்கள். அதோடு விட்டார்களா? சர்க்காருக்கு ஒரு லட்ச ரூபாய் செலவுத்தொகை. உத்திரவு போட்ட அதிகாரிக்கு 10,000 ரூபாய், அதுவும் அவர் சம்பளத்தில் பிடிக்கவேண்டியது! மேலதிகாரி சொன்னான், மந்திரி சொன்னான் என்று அரசியல் நிர்ப்பந்தத்துக்காக இப்படிச் செய்கிற ரிஜிஸ்திரார் தானே பொறுப்பாளி என்றும் கோர்ட்டார் எச்சரித்திருக்கிறார்கள். கையெழுத்துப் போடுகிறவருடைய சட்டைப்பையில் கை வைத்தால்தான் சட்டம் ஞாபகத்துக்கு வருகிறது போலும்.

1844-ல் இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் நெசவாளர் முதலான 28 பேர் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒரு மளிகைக் கடை வைத்தார்கள். பங்கு எத்தனையானாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு என்று வைத்துக்கொண்டார்கள். அவர்களை மேய்க்க ஒரு ஆபீசரை எந்தச் சர்க்காரும் அனுப்பவில்லை. நம் நாட்டிலோ சொஸைட்டி என்பது சர்க்கார் ஆபீஸ்களில் ஒன்று என்றே குடியானவன் நினைக்கும்படி ஆகிவிட்டது. அவன் நினைப்பே சர்க்காருக்கு வசதி.

ஆகவே இராஜாக்கமங்கலம் தோழர்கள் செய்யவேண்டியது இது. அப்படி ஒரு காகிதம் தங்கள் சொஸைட்டி வாசலில் ஒட்டப்பட்டால், “எங்களவரைத் தூக்கிவிட்டார்கள்” என்று ஒருவரும், “தொலைந்தான்” என்று ஒருவரும் டீக்கடையில் பேசிக்கொண்டிராமல், பத்துப் பேர் சேர்ந்து போய் உத்திரவின் நகலைக் கேட்கட்டும். எந்தப் பிரிவின்படி, என்ன காரணம், நோட்டீஸ் எப்போது கொடுத்தது, குழு சொன்ன பதில் என்ன, ஆபீசருக்குக் காலம் எவ்வளவு, தேர்தல் தேதி என்றைக்கு என்று எழுத்து மூலம் கேட்கட்டும். நிர்வாகி வேண்டியவரா வேண்டாதவரா என்பதை ஓட்டு நாளுக்கு வைத்துக்கொள்ளட்டும். அப்பீலுக்குக் கெடு உண்டு, ஆதலால் நாள் கடத்த வேண்டாம். நகல் கிடைத்தால் நமக்கும் ஒரு பிரதி அனுப்பினால் அப்படியே பிரசுரிப்போம்.