பாசிக்கு யார் நாடி பிடிப்பது?

குழந்தையின் முகம் சற்றே வாடியிருந்தால் போதும், உடனே நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிடுகிறோம். கடலில் மிதக்கும் பாசிக்கு உடம்பு சரியில்லாமல் போனால்? அதற்கு நெற்றியும் கிடையாது, நாடியும் கிடையாது. ஆனாலும் அதை வைரஸ் பிடித்திருக்கிறதா என்று சோதிப்பதையே தொழிலாகக் கொண்ட விஞ்ஞானிகள் இருக்கிறார்கள்!

பாசி என்றதும், இனிப்புச் செய்ய வாங்குகிறோமே, அந்தக் கடற்பாசி ஞாபகத்துக்கு வரும். அது பெரிய ஜாதி. நான் சொல்வது கண்ணுக்கே தெரியாத, ஒரே உயிரணுவாலான பாசி. எமிலியானியா ஹக்ஸ்லேயி என்று பெயர். ஆளைவிடப் பெயர் பெரிது! ஒரு மில்லிமீட்டர் இடத்தில் சுமார் 200 பேர் வரிசையாக நின்றுவிடலாம். ஒவ்வொருவரும் வட்டவட்டமான சுண்ணாம்புத் தகடுகளைச் சட்டையாகப் போர்த்தியிருப்பார்கள். இங்கிலாந்தில் டோவர் கரையோரம் வெள்ளை வெளேரென்று நிற்கும் குன்றுகள், பெரும்பாலும் இவர்களுடைய ஆதிகாலத்து உறவினர் கழற்றிப் போட்ட சட்டைகள்தாம்.

கோடையில் வட அட்லாண்டிக் சமுத்திரத்தில் இந்தப் பாசி பெருகினால், கடலில் பாலைக் கலந்தாற்போல் ஆகிவிடும். செயற்கைக்கோள் படத்திலேயே தெரியும். பிறகு சில வாரங்களில், இருந்த இடம் தெரியாமல் போய்விடும். பட்டினியா? யாராவது தின்றுவிட்டார்களா? அல்லது நோயா?

எப்படிப் போனால் நமக்கென்ன என்று கேட்பீர்கள். சூரிய ஒளியைக் கொண்டு உலகில் நடக்கும் சமையலில் ஏறக்குறையப் பாதி கடலில்தான் நடக்கிறது. சமைப்பவை பெரும்பாலும் இத்தகைய பொடி உயிர்கள். அவை இழுத்து வைத்துக்கொண்ட கரி கடலின் அடியில் போய்ச் சேருமா, கரியமில வாயுவாகக் காற்றுக்கே திரும்புமா என்பது, அவை எப்படிச் சாகின்றன என்பதையும் பொறுத்தது.

வைரஸ்தான் கொன்றதென்று எப்படிக் கண்டுபிடிப்பது? கடல் நீரை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் வைரஸ் தெரியும். ஆனால் அங்கே ஒன்றா, இரண்டா? 1989-இல் நார்வே விஞ்ஞானிகள் எண்ணிப் பார்த்து, ஒரு மில்லிலிட்டர் இயற்கை நீரில் 25 கோடி வரை இருக்கக் கண்டார்கள். இந்தத் திருவிழாக் கூட்டத்தில் குற்றவாளி யாரென்று பார்த்த மாத்திரத்தில் எப்படிச் சொல்வது?

அதற்கு ஒரு பழைய உபாயம் உண்டு. நம் வீட்டு உறைமோர் விவகாரம்தான்! கடல் நீரை மிக நுண்ணிய வடிகட்டியில் வடிக்கிறார்கள். பாசி மேலே தங்கிவிடும். வைரஸ் நழுவிக் கீழே போகும். அந்தத் தெளிவில் சிறிது எடுத்து, கண்ணாடிக் குடுவையில் செழிப்பாக வளரும் பாசியில் விடுகிறார்கள். சில நாளில் பாசியெல்லாம் வெடித்துச் செத்துக் குடுவை தெளிந்துவிட்டால், சந்தேகம் பலக்கிறது. ஆனால் அது ஏதாவது விஷமாகவும் இருக்கலாமே? ஆகவே அந்தக் குடுவையிலிருந்து ஒரு சொட்டை வடித்து அடுத்த குடுவையில், அதிலிருந்து இன்னொன்றில் என்று விட்டுக்கொண்டே போகிறார்கள். விஷமானால் போகப் போக நீர்த்துவிடும். வைரஸ் நீர்க்காது, உறைமோர் போலப் பெருகும். நன்றாகச் சூடாக்கிய தெளிவையும் ஒரு குடுவையில் விட்டுப் பார்ப்பார்கள். அந்தக் குடுவைப் பாசி பிழைத்தால் வழக்கு முடிந்தது. 1999-இல் ஆங்கிலக் கால்வாயில் பெருகிய பாசியிலிருந்து இந்த வைரஸைப் பிரித்தெடுத்து, இஎச்வி-86 என்று பெயர் வைத்தார்கள்.

சாவது வரை காத்திருப்பானேன்? 2020-க்குப் பிறகு பி.சி.ஆர். பரிசோதனையை அறியாத வீடு ஏது? கடல் நீருக்கும் அதே பரிசோதனை உண்டு. ஆனால் அது வைரஸ் இருக்கிறது என்று சொல்லுமே தவிர, பாசியின் உள்ளே புகுந்து வேலை செய்கிறதா என்று சொல்லாது. அதற்கும் ஒரு துப்புக் கிடைத்தது. 2005-இல் இந்த வைரஸின் 4,07,339 மரபு எழுத்துகளைப் படித்தபோது, ஒருவகைக் கொழுப்பைச் செய்யும் பக்குவம் அதில் இருந்தது. வைரஸிடம் அதற்கு முன் யாரும் காணாத பக்குவம்! பாசியின் அடுக்களைக்குள் புகுந்து, தன் பக்குவப்படி சமைக்கச் சொல்கிறது இந்தப் போக்கிரி. அந்தக் கொழுப்பு பாசிக்குள் அகப்பட்டால் நோய் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். 2012-இல் அசோர்ஸ் தீவுகளிலிருந்து ஐஸ்லாந்து நோக்கிச் சென்ற ஆராய்ச்சிக் கப்பலில், நடுக்கடல் நீரில் இப்படிப்பட்ட அடையாளங்களையும் தேடினார்கள். பசுமை மங்குவதைச் செயற்கைக்கோளும் மேலிருந்து கவனித்தது.

இத்தனைக்கும் பாசி ஏமாளி அல்ல. அதற்கு இன்னொரு வேஷம் உண்டு. மரபுப் பொருளில் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, சுண்ணாம்புச் சட்டை இல்லாமல், வால் போன்ற இழைகளால் நீந்தித் திரியும். இந்த வேஷத்திலிருப்பதை வைரஸ் ஒன்றும் செய்ய முடிவதில்லை என்று 2008-இல் கண்டுபிடித்தார்கள். ஆலிஸ் கதையில் பூனையின் தலையை வெட்ட ராணி உத்தரவிடுகிறாள். பூனையோ உடம்பை மறைத்துக்கொண்டு தலையை மட்டும் காட்டுகிறது. உடம்பில்லாத தலையை எப்படி வெட்டுவது? அந்த செஷயர் பூனையின் பெயரையே இந்தத் தந்திரத்துக்கும் வைத்துவிட்டார்கள். ஆகவே கடலில் பால்நிறம் மறைந்தால், செத்தவை எத்தனை என்று எண்ணினால் மட்டும் போதாது. சட்டையைக் கழற்றிவிட்டுத் தப்பியவை எத்தனை என்றும் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.