பாட்டியின் விரலும் பழகட்டும்

முகம் பார்த்துப் பேசும் தொலைபேசி இன்று நேற்றுத் தோன்றிய ஆசையன்று. 1964-ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் 'பிக்சர்போன்' என்ற கருவியை மக்கள் கண்டு வியந்தனர். 1970-இல் பிட்ஸ்பர்க் நகரில் அது பயன்பாட்டுக்கு வந்தது. கட்டணம் மிகுதியானதால் நிலைக்கவில்லை. இணையம் பரவிய பின்னரே அவ்வசதி எளியோர்க்கும் எட்டியது. 2016 முதல் வாட்ஸ்அப் வழியாகவும் முகம் பார்த்துப் பேசுகிறோம்.

வீட்டில் இதனை அமைத்துத் தருபவர்கள் பெரும்பாலும் மாணவியராகிய நாமே. பாட்டியின் முன் கைபேசியைப் பிடிக்கிறோம். பேசி முடிந்ததும் வாங்கி வைத்துவிடுகிறோம். இது போதாது என்பதே எங்கள் கருத்து. வெளிநாட்டிலுள்ள மகனைக் காண, பாட்டி நம் ஓய்வு நேரத்துக்குக் காத்திருக்கலாமா?

எழுத்தறியாதவர்க்கும் மகனின் முகம் தெரியும். ஆகவே அவர் படத்தைத் திரையின் முகப்பிலேயே வைப்போம். சன்னலுக்கு முதுகு காட்டி அமர்ந்தால் முகம் இருண்டு தெரியும். வெளிச்சத்தை நோக்கி அமரச் சொல்வோம். கைபேசியைக் கண்ணுக்கு நேரே சாய்த்து நிறுத்தப் பழக்குவோம். அறியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்க வேண்டாமென்றும் கூறுவோம். பின்னர் நம் கையை விலக்கிக்கொண்டு, அவர்களையே அழைக்கச் செய்வோம்.

பத்து முறை கேட்டாலும் முகம் சுளிக்கலாகாது, தோழியரே! அன்று நம் விரல் பிடித்து அகரம் எழுதப் பழக்கியவர்கள் அவர்களல்லவா?