அகப்பக்கத்தில் ஏறும் முன்பே சோதனை வேண்டும்: கோரிக்கை மனு

அனுப்புநர்: பார்வையற்றோரும் பார்வை குன்றியோரும் சேர்ந்து நடத்தும் எங்கள் சங்கத்தின் செயலவை, ஜொகூர் பாரு.

பெறுநர்: மதிப்பிற்குரிய மாநில அரசாங்கச் செயலாளர் அவர்கள், கோத்தா இஸ்கண்டார், ஜொகூர்.

நகல்: மாநிலத்தின் 16 ஊராட்சி மன்றங்களின் தலைமையாளர்கள்.

பொருள்: அரசாங்க அகப்பக்கங்களை நடத்தும் உள்ளடக்க மேலாண்மை மென்பொருளுக்குள்ளேயே அணுகல் சோதனையைக் கட்டாயமாக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

2023 மார்ச் வெள்ளத்தில் ஜொகூரில் 40,000க்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர். பத்து பகாட், சிகாமட், குளுவாங் எனப் பல மாவட்டங்களில் தற்காலிக நிவாரண மையங்கள் திறக்கப்பட்டன. அத்தகைய நேரத்தில் எந்த மையம் திறந்திருக்கிறது, எந்தச் சாலை மூடப்பட்டிருக்கிறது என்ற விவரம் பெரும்பாலும் வண்ணச் சுவரொட்டிப் படமாகத்தான் வெளியாகிறது. படத்துக்குள் இருக்கும் எழுத்து, திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் எங்கள் திரைவாசிப்பானுக்கு எட்டாது. அது "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். மதிப்பீட்டு வரி அறிவிப்பு, உதவித்தொகை விண்ணப்பப் பாரம், வேலை வாய்ப்பு விளம்பரம் எல்லாவற்றிலும் இதே நிலைதான்.

இதற்காக எந்த அலுவலரையும் நாங்கள் குறை சொல்லவில்லை. அவர் படத்தை ஏற்றுகிறார், வெளியிடும் பொத்தானை அழுத்துகிறார். படத்தைச் சொல்லால் விவரிக்கும் மாற்றுரை எழுதினீர்களா என்று மென்பொருள் அவரைக் கேட்பதே இல்லை. கேட்காத ஒன்றை அவர் எப்படிச் செய்வார்? ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கைக் குழு வந்து பிழைகளைப் பட்டியலிடும்போது அந்த அறிவிப்பின் இறுதி நாள் எப்போதோ கடந்திருக்கும். ஆகவே பொத்தானை அழுத்தும் அந்த நொடியிலேயே சோதனை நடக்க வேண்டும் என்கிறோம்.

இது புதிய கருத்தல்ல. உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2015 செப்டம்பரில் வெளியிட்ட ஏடாக் 2.0 என்னும் நெறிமுறை, வலைப்பக்கத்தைப் பற்றியது அல்ல. வலைப்பக்கத்தை உருவாக்கும் மென்பொருளைப் பற்றியது. எழுதுபவருக்குப் பிழையைச் சுட்டிக்காட்டவும் அதைத் திருத்த உதவவும் அந்த மென்பொருள் கடமைப்பட்டது என்கிறது. நம் நாட்டு அரசாங்க அகப்பக்கங்கள் பலவும் ஜூம்லா என்னும் உள்ளடக்க மேலாண்மை மென்பொருளில் இயங்குகின்றன. ஜூம்லா 2022இல் வெளியான 4.1 பதிப்பிலேயே அணுகல் சோதனைக் கருவியைச் சேர்த்துவிட்டது. அதாவது, பல அலுவலகங்களுக்குப் புதுப் பதிப்புக்கு மாறி அந்தக் கருவியை இயக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும். பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூர் அரசின் தொழில்நுட்ப அமைப்பான கவ்டெக், 'ஊபி' என்ற சோதனைக் கருவியைத் திறந்தமூலமாகவே தந்திருக்கிறது. எனவே பணமில்லை என்ற பதிலை ஏற்பது எங்களுக்குக் கடினம்.

சட்டமும் எங்கள் பக்கம்தான். 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் (சட்டம் 685) 30ஆம் பிரிவு தகவல், தொடர்பு, தொழில்நுட்பம் ஆகியவற்றை அணுகும் உரிமையைச் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை மலேசியா 2010இல் ஏற்றுறுதி செய்தது. ஆனால் சட்டம் 685இல் மீறலுக்குத் தண்டனை இல்லை. வெறும் பரிந்துரை போதாது என்பதற்கு அண்மைய சான்று இந்தியாவில் இருக்கிறது: 2024 நவம்பர் 8 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ராஜீவ் ரத்தூரி வழக்கில், அணுகல் விதி பரிந்துரையாக நிற்கக்கூடாது, கட்டாயத் தரமாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

எங்கள் முதன்மைக் கோரிக்கை குத்தகை ஆவணம் பற்றியது. இனி மாநில அலுவலகமோ ஊராட்சி மன்றமோ அகப்பக்கத்துக்குக் குத்தகை விடும்போதும் பழைய குத்தகையைப் புதுப்பிக்கும்போதும், ஏடாக் 2.0இன் இரண்டாம் நிலையான 'ஏஏ'யை நிபந்தனையாக எழுத வேண்டும். மாற்றுரை இல்லாத படம், பெயரிடப்படாத பாரக் கட்டம், 4.5க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறைவான எழுத்து வண்ண வேறுபாடு, மொழி குறிக்கப்படாத பக்கம் ஆகியவை இருந்தால் வெளியீடு நிற்க வேண்டும். எச்சரிக்கை வாசகம் அலுவலருக்குப் புரியும் எளிய மலாயில் இருக்கட்டும்.

இதில் ஒரு விலக்கையும் நாங்களே கேட்கிறோம். வெள்ள இரவில் கருவி அறிவிப்பைத் தடுத்து நிறுத்தக் கூடாது. அவசர அறிவிப்புக்குத் தனி வார்ப்புரு இருக்கட்டும்: முதலில் வெறும் எழுத்து, பிறகு வேண்டுமானால் சுவரொட்டி.

அடுத்தது தமிழ். முரசு அஞ்சல் என்னும் தமிழ்த் தட்டச்சு மென்பொருளைத் தந்த நாட்டில், இன்றும் பழைய எழுத்துருவில் தட்டிய தமிழ் பி.டி.எஃப். கோப்புகள் கைக்கு வருகின்றன. கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது திரைவாசிப்பானில் பொருளற்ற ரோமன் எழுத்துகளாக ஒலிக்கிறது. மலாய்ப் பக்கத்தின் நடுவே வரும் தமிழ்ப் பத்திக்கு மொழிக்குறி இல்லையென்றால் மலாய்க் குரல் அதைத் தாண்டிப் போகலாம், அல்லது குதறலாம். இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. திரைவாசிப்பானுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். 'இது தமிழ்' என்று பக்கம்தான் அதற்குச் சொல்ல வேண்டும். யுனிகோடு அல்லாத எழுத்தையும் குறியில்லாத மொழி மாற்றத்தையும் சோதனை பிடிக்க வேண்டும். மாநிலத்தின் தமிழ்ப்பள்ளி அகப்பக்கங்களுக்கும் இதே சோதனைக் கருவியைக் கொடுத்து உதவலாம்.

பல அரசாங்க அகப்பக்க முகப்புகளில் ஏற்கெனவே சக்கர நாற்காலிச் சின்னத்தோடு ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் எழுத்து பெரிதாகும், நிறம் மாறும். பார்வை குன்றிய சிலருக்கு அது உதவலாம். திரைவாசிப்பானில் கேட்பவருக்குப் பயனில்லை. அதைக் காட்டி, அணுகல் பணி முடிந்தது என்று அறிக்கை எழுதுவதை நிறுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இயந்திரச் சோதனைக்கும் எல்லை உண்டு. மாற்றுரைக் கட்டத்தில் "படம்1" என்று எழுதினால் கருவி அனுமதித்துவிடும். கேட்பவருக்கு அது ஒன்றும் சொல்லாது. ஆகவே ஒவ்வோர் அகப்பக்கத்தையும் வெளியிடும் முன் திரைவாசிப்பானில் பழகியவர்களைக் கொண்டு சோதிக்க வேண்டும். எங்கள் உறுப்பினர்களில் அத்தகையோர் உள்ளனர். அவர்களுக்கு உரிய ஊதியம் தர வேண்டும். தேநீரும் நற்சான்றிதழும் போதாது.

மாநிலத் தகவல் தொழில்நுட்பப் பிரிவுடன் ஒரு சந்திப்புக்கு நாள் குறித்துத் தருமாறும், இம்மனுவுக்கான பதிலைப் படமாக அல்லாமல் எழுத்து வடிவிலேயே அனுப்புமாறும் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
செயலாளர், செயலவையின் சார்பில்
ஜொகூர் பாரு