போனவள் கதை நம்முடையது, பேத்தியின் கதை அயலாருடையதா?

தெற்காசியச் சிறுகதை பற்றிய கருத்தரங்குகளில் 'எல்லை கடந்த பண்பாட்டு உறவு' என்ற தொடர் தவறாமல் ஒலிக்கிறது. மண்ட்டோவின் 'டோபா டேக் சிங்' எடுத்துக்காட்டப்படும். பைத்தியக்காரர்களையும் பங்கிட்டுக்கொண்ட இரு நாடுகளை எண்ணி அவை உருகும். உருகட்டும். நமக்கு மிக அருகே நடந்த பங்கீட்டின் கதைகளை ஏன் படிப்பதில்லை என்பதே எங்கள் கேள்வி.

இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். மண்ட்டோ கற்பனையில் கண்டது இங்கே அரசாங்கக் கோப்பாயிற்று.

மொரப்பூரிலிருந்து நாங்கள் இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. 1965 வரை தர்மபுரி சேலம் மாவட்டத்தின் பகுதி. கங்காணிகள் தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய மாவட்டங்களுள் சேலமும் ஒன்று.

புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யைத் தமிழ்ச் சிறுகதையின் சாதனைகளுள் ஒன்றாக வகுப்பில் நடத்துகிறோம். வாசவன்பட்டி மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் கதை அது. அம்மலைகளிலேயே பிறந்து வளர்ந்தவர்களின் எழுத்தை, என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து', தெளிவத்தை ஜோசப்பின் கதைகள் ஆகியவற்றை, 'அயலக இலக்கியம்' எனத் தனியே ஒதுக்குகிறோம். போனவள் நம்மவள், அவள் பேத்தி அயலாள்! வட்டார வழக்கு புரியாது என்பது ஒரு சாக்கு. லயம், பிரட்டு என்னும் சொற்களுக்குப் பொருள் கேட்டறிய மாணவர்கள் சலிப்பதில்லை. சலிப்பவர்கள் ஆசிரியர்களாகிய நாமே.

மலையக இலக்கியம் தனித்துவம் உடையது, அதைத் தமிழகத்தின் கிளையாக்குவது ஆதிக்கம் என்று சிலர் மறுக்கக்கூடும். நியாயமான மறுப்பு. மலையகம் அம்மக்கள் வியர்வை சிந்தி ஆக்கிய மண். அதன் இலக்கியத்துக்கு நாம் பட்டா கேட்கவில்லை. ஆனால் தனித்துவத்தை மதிப்பது வேறு, படிக்காமல் இருப்பதற்கு அதையே காரணமாக்குவது வேறு. அங்கே 'இந்தியாக்காரர்' என்றும், திரும்பி வந்தபின் இங்கே 'சிலோன்காரர்' என்றும் தள்ளப்பட்டவர்களை இலக்கியத்திலும் ஒருமுறை தள்ளுவது எவ்வகைப் பண்பாடு?

உறவு என்பது உரிமை கொண்டாடுவதன்று, கடனை ஒப்புக்கொள்வது. 'துன்பக்கேணி' நடத்தும் அதே வாரத்தில் 'ஒரு கூடைக் கொழுந்'தையும் நடத்துவோம். மேடைப்பேச்சு அதன்பின் இருக்கட்டும்.